பனிமலைக்கு வழி தெரிந்தவர்

மலாக்காவில் எங்கள் ஆயர் குரோ வெயில் தெரியும்தானே, தார்ரோடே இளகிப்போகும் வெயில். அந்த வெயிலில் ஒரு மனிதர் பனியன் நனைய கார் போர்ச்சில் குந்தி உட்கார்ந்து டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். பனி மூடிய மலைச்சாலையில் டயர் வழுக்காமலிருக்க அப்படி மாட்ட வேண்டுமாம். மலாக்கா டவுனில் இரும்புக்கடையில் சங்கிலி வாங்கி, அளவுக்கு வெட்டி, கொக்கி வைத்து அவரே செய்தது. மாட்டுவார், காரை ஒரு முழம் முன்னால் நகர்த்திப் பார்ப்பார், கழற்றுவார், திரும்பவும் மாட்டுவார். எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று சிரித்தார்கள். ஸ்நோ எங்கே மாமா என்று ஒருத்தி கேட்டாள். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததே இல்லை.

"வரும்லா. வர்றப்ப நம்ம ரெடியா இருக்கணும்" என்றார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மரியாதைக்காக இல்லை. எங்கள் தாமானில், அந்தக் குடியிருப்பு முழுக்க, இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அத்தை என்பேன். ரத்த உறவு ஒன்றும் கிடையாது, சுவர் ஒன்றுதான் உறவு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.

புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. எந்த பஸ் எந்தத் தோட்டத்து முனையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பது அவர் தலைக்குள் இருக்கும். ஒரு பெண் தாமதமாக ஓடி வந்தாலும் பஸ் நிற்கும். யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் இருந்தார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவரிடம் யார் என்ன கேட்டாலும் "முடியாது" என்று சொல்லமாட்டார். கோயிலுக்குப் பத்துமலை போக பஸ் வேண்டுமா, கல்யாணத்துக்குச் சாமான் ஏற்ற லாரி வேண்டுமா, "பிளான் பண்ணிடுவோம்லா" என்பார். அந்தச் சொல்லில் ஒரு குளிர்ச்சி இருக்கும். கேட்டவர்கள் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி வீட்டுக்குப் போவார்கள். ஊருக்குச் சொன்னதை அவர் செய்தும் கொடுப்பார். வீட்டுக்குச் சொன்னதைத்தான் பிளான் போட்டுக்கொண்டே இருப்பார்.

அத்தைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. கல்யாணமான புதிதில் கேட்டாராம். பிளான் பண்ணிடுவோம் என்றார். பள்ளி விடுமுறையில் ரோடு காலியாக இருக்கும், அப்போது தொடங்கலாம். விடுமுறை வந்தால் மழைக்காலம், மழை விடட்டும். மழை விட்டால் வண்டி பழசு, கிளட்ச் கடினம், வண்டி மாற்றட்டும். வண்டி மாறியபோது புது வண்டியில் பழகினால் கெட்டுவிடும். இப்படியே அத்தைக்குத் தலை நரைத்துவிட்டது. கடைசியில் அத்தை கற்றுக்கொண்டது ஸ்டீரிங் பிடிக்க இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து மேப் படிக்க.

அந்த மேப்புக்கு ஒரு கதை இருக்கிறது. அவர்களுக்கு ஒரே மகள். ஹோட்டல் படிப்பு படிக்க நியூசிலாந்து போனாள். படித்து முடித்து, அங்கேயே பனிச்சறுக்கு விளையாட ஆட்கள் வருகிற ஒரு மலை ஊரில், ஹோட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை செய்த பையனைப் பிடித்துப்போனது. நம் நாட்டுப் பையன்தான், ஜொகூர் சீனன், சமையல்காரன். அப்பாவிடம் போனில் கேட்டாள். அவர் கத்தவில்லை, சாதி பேசவில்லை, இனம் பேசவில்லை. "சரிம்மா, பிளான் பண்ணிடுவோம்" என்றார்.

பிளான் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆடி வந்தது, ஆடி போனது. மண்டபம் கிடைக்கவில்லை. பையன் வீட்டாரைப் பார்க்க நல்ல நாள் அமையவில்லை. அந்தப் பெண் காத்திருந்து பார்த்துவிட்டு அங்கேயே பதிவு பண்ணிக்கொண்டாள். செய்தி வந்த அன்று அவர் தாமான் முழுக்க லட்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா அந்த லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மனுஷன் நாலு வார்த்த திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்டி" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. நல்ல அப்பா என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பனிமலைப் பயணத்துக்குப் பிளான் தொடங்கியது. மகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அத்தை கேட்டார். போவோம் என்றார் மாமா. சும்மா போய் இறங்குவதில்லை, விமானம் இறங்குகிற நகரத்தில் கார் எடுத்து, மலைச்சாலையில் தானே ஓட்டிப் போக வேண்டும். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், பிறகென்ன? மகள் மேப் அனுப்பினாள். அதைச் சாப்பாட்டு மேசை மேல் விரித்து, பிளாஸ்டிக் போட்டு ஒட்டினார். இருவரும் மேசையின் ஓரத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

அந்தச் சாலையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஏரி எங்கே வலது பக்கம் தெரியும், எந்த வளைவில் மலை நிழல் விழுந்து மத்தியானம் வரை ஐஸ் கரையாது, ஒரு கார் மட்டுமே போகிற பாலங்களில் யார் முதலில் போக வேண்டும், எந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிச் சங்கிலி மாட்ட வேண்டும். கேட்கிறவர்களுக்கு விசிறி ஓடுகிற வீட்டிலேயே உடம்பு சிலிர்க்கும். நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். அப்போது நான் மலாக்கா டவுனில் விமான டிக்கெட் விற்கும் கடையில் வேலை செய்தேன். அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் வந்தால் மாமா சொன்னதையே என் சரக்கு மாதிரி எடுத்துவிடுவேன். போய் வந்தவர்கள், நீ சொன்ன மாதிரியே இருந்ததும்மா என்பார்கள். அவர் சொன்னதை நம்பி யார் யாரோ அந்த மலைக்குப் போய் வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. மாமா ஓட்டுவார், அத்தை மடியில் மேப். அங்கே பனியில் ஓட்டுகிறவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, அதனால் அத்தைதான் தனக்குக் கண் என்பார். ஆயர் குரோ ஏரியைச் சுற்றி, புக்கிட் பெருவாங் வரை போய்த் திரும்புவார்கள். ஒரு தடவை நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். "அடுத்தது லெப்ட்டு. வளைவு பெருசு. முன்னால பாலம், ஒரு காருதான் போவலாம்" என்று அத்தை பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தார். வெளியே டுரியான் பழம் விற்கிறவன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை. அவர் அந்த மலையில்தான் இருந்தார்.

ஞாயிறு மத்தியானம் மகளிடமிருந்து போன் வரும். மாமாதான் எடுப்பார். "ரோடு எப்பிடிம்மா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. பனி எவ்வளவு, மூடினார்களா, திறந்தார்களா, மண் சரிந்ததா. நீ எப்படி இருக்கிறாய் என்று அவர் விசாரித்து நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணும் பொறுமையாகச் சொல்லும். அப்பா வரப்போகிறார் என்று நம்பியதால், லீவு நாளில் கார் எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். கடைசியில் ரிசீவர் அத்தை கைக்கு வரும்போது பேச நேரமிருக்காது. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைப்பார்.

அவருக்குப் பயம் என்று சிலர் சொன்னார்கள். வயசாகிறது, அந்நிய ஊர், தயங்குகிறார் என்று. பயமாவது ஒன்றாவது. எங்கள் அப்பாவுக்கு ஒரு நாள் காலையில் நெஞ்சு வலி வந்தது. அம்மா சுவரைத் தட்டினாள். மாமா கைலியோடு வந்தார், அப்பாவைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார், சிவப்பு விளக்கெல்லாம் தாண்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைக்கு மேப்பும் இல்லை, பிளானும் இல்லை. எங்கள் அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார் என்றால் அது அவர் தயவு. அதை மறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் போக வேண்டும் என்று அவர் நினைத்தால் எப்படிப் போவார் என்பதையும் அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டியது. அவள் வர முடியாது என்றால் தாய் போகத்தானே வேண்டும்? கண்ணாடி வளையல் வாங்கி, உடையாமல் பஞ்சு வைத்து பிஸ்கட் டின்னில் அடுக்கினார். பிரசவ மருந்துப் பொடி இடித்தார். குழந்தை பிறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்று சொன்னார். வேறு எதையும் அவர் அதற்கு முன்னால் அப்படி அடித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிளான் பண்ணிடுவோம் என்றார் மாமா.

அந்த ஊரில் பொடி கிடியெல்லாம் உள்ளே விடமாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும். பிரசவம் பனிக்காலத்தில் வருகிறது, சாலை மோசமான நேரம். தொழிற்சாலையில் பஸ் ஒப்பந்தம் மாறுகிறது, லீவு கேட்க முடியாது. சொல்லச் சொல்ல எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஒன்றையும் பொய் என்று சொல்ல முடியாது. இடித்து வைத்த பொடி நமுத்துப்போய் அத்தை திரும்பவும் இடித்தார்.

ஒரு நாள் அத்தை அடுப்படியில் நின்று, அந்த ரோட்டைத் தாண்ட முடியாமல்தானே இவ்வளவும் என்று புலம்பினார். நான் பேச்சுவாக்கில் சொன்னேன். ரோட்டுக்குப் பயமென்றால் நகரத்து விமான நிலையத்திலிருந்து அந்த மலை ஊருக்குத் தினமும் பஸ் போகிறதே, தீபாவளிக்கு முன்னாலேயே மாமா என் கடைக்கு வந்து விசாரித்துக்கொண்டு போனாரே. அத்தை அடுப்பை அணைத்தார். அவருக்கு அது தெரியாது. பஸ் என்று ஒன்று இருப்பதையே மாமா வீட்டில் சொல்லவில்லை.

மாமா வேலை விட்டு வந்ததும் அத்தை கேட்டார். நான் முன் வாசலில் இருந்தேன், கிளம்பவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மாமா முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"ஆமா, பஸ் இருக்கு. பஸ்லயும் போவலாம். பிளான் பண்ணிடுவோம்லா" என்றார். மறுநாள் மேசை மேப் பக்கத்தில் பஸ் நேர அட்டவணை ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கல்லுளிமங்கன். முடியாதுன்னு சொல்ற புருஷனா இருந்தா அவ எப்பவோ சண்ட போட்டு ஜெயிச்சிருப்பா. தலையாட்டுறவன்கிட்ட எங்க போயி முட்டிக்கிறது?" என்றாள். லட்டு வந்த அன்றைக்கு அம்மா சொன்னது எனக்கு இப்போதுதான் புரிந்தது. தன் பிளானுக்குக் காத்திராமல் கட்டிக்கொண்ட மகளை அவர் மன்னிக்கவில்லை. அதை வாயால் சொன்னால் கெட்ட அப்பா ஆகிவிடுவார். அதனால் அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே அத்தை தனியாக பஸ் ஏறி டவுனுக்கு வந்து என் கடையில் நின்றார். தனக்கு ஒரு டிக்கெட், தனக்கு மட்டும். தாலிக்கொடியைத் தவிர கழுத்தில் கிடந்ததெல்லாம் காணவில்லை, நான் கேட்கவில்லை. மாமாவிடம் சொன்னபோது அதற்கும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். போய்ட்டு வா, நானே சுபாங்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாராம். அப்போது பெரிய விமான நிலையம் சுபாங்கில்தான். விமானம் ஏற்றிவிடும்வரை கூட வா என்று அத்தை என்னைக் கேட்டுக்கொண்டார். லீவு போட்டேன்.

ராத்திரி விமானம், மத்தியானமே கிளம்பினோம். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கோயிலில் நிறுத்திக் கும்பிட்டு, நெடுஞ்சாலையில் ஏறினோம். எங்கே போனாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற மனிதர் அன்றைக்கு நிதானமாக ஓட்டினார். ஓய்விடத்தில் நாசி லெமாக் சாப்பிடலாம் என்றார். அடுத்த ஓய்விடத்தில் டயருக்குக் காற்று பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அடுத்ததில் வண்டி சூடாகிவிட்டது, ஆறட்டும் என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை பிஸ்கட் டின்னை மடியில் வைத்து, அதன் மேல் கோலாலம்பூர் ரோடு மேப்பை விரித்திருந்தார். பழக்கதோஷம்.

கோலாலம்பூர் தாண்டி கிள்ளான் பக்கம் போகும் பெரிய சாலை. அப்போதும் நேரம் இருந்தது, கொஞ்சம்தான் என்றாலும் இருந்தது.

"லெப்ட்டுக்கு வாங்க. அடுத்த லெப்ட்டு, சுபாங்" என்றார் அத்தை.

மாமா இடது பக்கம் வந்தார். சிக்னல் போட்டார். டிக் டிக் என்று அது அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. விமானப் படம் போட்ட பலகை கண் முன்னால் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"இதான். லெப்ட்டு" என்றார் அத்தை.

டிக் டிக் நின்றது. மாமா விரலால் சிக்னலைத் தட்டி எடுத்ததை நான் பின் சீட்டிலிருந்து பார்த்தேன். கார் நேராகப் போனது. நான் கத்திவிட்டேன்.

"அலாமாக். பேசிக்கிட்டே வந்ததுல விட்டுட்டேன்" என்றார்.

அந்தக் காரில் யாரும் பேசிக்கொண்டு வரவில்லை.

முன்னால் போய்த் திரும்பிவிடுவோம் என்றார். முன்னால் ஆபீஸ் விட்ட வண்டிகள் கிள்ளான் வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றன. திரும்பி வந்து சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சினேன், கதவு சாத்தியாகிவிட்டது என்றார்கள். மகள் வீட்டுக்கு போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பனியில் சாலையை மூடிவிட்டால் என்ன செய்வது என்று, நிறைமாத வயிற்றோடு, புருஷனோடு முதல் நாளே மலையிறங்கி நகரத்துக்கு வந்து தங்கிவிட்டாளாம். அம்மா இல்லாமல் வந்த விமானத்தைத்தான் பார்த்திருக்கிறாள். தெரியாமல் விட்டுவிட்டார் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கண்ணால் பார்க்காத மலையில் எந்த வளைவில் ஐஸ் இருக்கும் என்று தெரிந்தவருக்கு சுபாங் தெரியாதா?

அத்தை பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். மாமா தே தாரிக் வாங்கி வந்து நீட்டினார். அடுத்த பிளைட்டுக்கு பிளான் பண்ணிடுவோம் என்றார். அத்தை அந்தத் தேநீரை வாங்கவில்லை. திரும்பி வரும்போது மேப்பை மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு முச்சந்தியில் மாமா வழக்கம்போல, அடுத்தது என்ன என்று கேட்டார். அத்தை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. மாமா ஒரு தவறும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். அடுத்த வாரம் ஒரு இடம் காலியாக இருக்கிறது, டிக்கெட்டை மாற்றித் தருகிறேன், இந்தத் தடவை டாக்சியில் போவோம் என்று சொல்லத்தான் போனேன். அத்தை தலையை ஆட்டினார்.

"ஒரு தடவ போறதுக்குத்தான்டி தைரியம் சேத்து வச்சிருந்தேன்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை.

அப்போது போன் அடித்தது. மாமா சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்தார். அதற்குள் அத்தை எடுத்துவிட்டார். அந்த வீட்டில் ஞாயிறு போனை அத்தை முதலில் எடுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அழுகிறாள் என்று தெரிந்தது.

"நீ இனிமே ரோடு பாக்கப் போவாத. வயித்துப் புள்ளயோட அங்க போயி நிக்காத. உங்கப்பா வரமாட்டாரு. என்னையும் விடமாட்டாரு" என்றார்.

பிறகு மாமா பக்கம் திரும்பி ரிசீவரை நீட்டினார்.

"நான் சொன்னா நம்பமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க. வரமாட்டேன்னு ஒரே ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்க. திட்டணும்னா திட்டுங்க. அது எவ்வளவோ தேவல."

மாமா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். அவர் மேசை மேல் இருந்த மேப்பைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரோடு எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டார்.